சாம்பல் கணக்கு எந்தத் துறையில் வரும்?

மதிப்புக்குரிய தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எரிசக்தித் துறை மானியக் கோரிக்கையை ஒரு நாளும் சுற்றுச்சூழல் துறை மானியக் கோரிக்கையை வேறொரு நாளும் விவாதிக்கிறீர்கள். முதல் நாளில் மெகாவாட் கணக்கு, அடுத்ததில் சதுப்புநிலக் கணக்கு. எங்கள் ஊரில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எங்களுடையது. ஆற்றில் இறங்கினால் காலில் சேறும் மணலும் தட்டுப்படும், கிளிஞ்சல் குத்தும் என்று அப்பா சொல்வார். நான் இறங்கிய காலத்தில் கால் மாவுக்குள் புதைந்தது. எங்களைச் சுற்றியுள்ள அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் அது. நம் நாட்டு நிலக்கரியை நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய்கள் ஆற்றையும் உப்பளங்களையும் கடந்து போகின்றன. உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? இணைப்பு விட்டுப்போனால் சாம்பல் தண்ணி நேராக ஆற்றுக்குத்தான் வரும். வந்து படியப் படிய ஆறு மேடாகிறது. ஆழம் போன இடத்தில் படகு தட்டுகிறது, வலையில் மீனுக்குப் பதில் சாம்பல் ஏறுகிறது. இன்னொரு பக்கம், இயந்திரத்தைக் குளிர்வித்த வெந்நீர் முகத்துவாரத்துக்கு அருகிலேயே வந்து விழுகிறது. இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்னமும் உண்டு. அவர்கள் கைகளை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

புகார் கொடுக்காமல் இல்லை. மனு கொடுத்தோம், மறியல் செய்தோம், தீர்ப்பாயத்துக்கும் போனார்கள் எங்கள் ஆட்கள். 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மாசுபடுத்தியவர்களே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும் என்றது. தீர்ப்பு எங்களுக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் அடுத்த குழாய் உடையும்போது அதைத் தடுக்க ஒரு விதி வேண்டுமே, அது எங்கே?

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் மனம் ஆறவில்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், ஈரநிலம் என்பதிலிருந்து ஆற்றின் ஓடுபாதையை விலக்குகின்றன. உப்பு எடுக்க அமைத்த பாத்திகளையும் விலக்குகின்றன. கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கூடாது என்று சொல்லும் மத்திய அரசின் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கையின் கீழ் வரும் பகுதிகளுக்கு அந்த விதிகள் பொருந்தவே பொருந்தா. எங்கள் கழிமுகம் ஆறும் உப்பளமும் கடலோரமும் சேர்ந்த இடம். மூன்று வாசலிலும் வெளியே நிற்கிறோம். கடலோர அறிவிக்கை காப்பாற்றாதா என்பீர்கள். எளிதில் பாதிக்கப்படும் பகுதி என்று அது சொல்லும் இடத்திலேயே, அனுமதி வாங்கிக்கொண்டு குழாய் போட இடம் தருவதும் அதே அறிவிக்கைதான்.

தமிழ்நாட்டில் ராம்சர் தலங்கள், அதாவது உலக அளவில் முக்கியம் என்று அங்கீகரிக்கப்பட்ட ஈரநிலங்கள், 20 இருக்கின்றன, இந்தியாவிலேயே இங்குதான் அதிகம். பள்ளிக்கரணைக்கு 2022இல் அந்தப் பெயர் கிடைத்தபோது எங்களுக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் வடசென்னையின் மழை பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பினால் திறந்துவிடும் தண்ணீரும், புழல் ஏரியின் உபரியும் எண்ணூர் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அந்த வழியைச் சாம்பலால் மேடாக்கிவிட்டு, மிக்ஜாம் புயல் மாதிரி இன்னொன்று வந்தால் தண்ணீர் எங்கே போகும்? 2023 டிசம்பரில் அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்து எங்கள் படகுகளிலும் அலையாத்தி மரங்களிலும் அப்பிக்கொண்டதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

மின்சாரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் மின்விசிறி ஓடுகிறது, மீனுக்கு ஐஸ் வேண்டும். 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, புழுக்கத்தில் தூங்க முடியாத அந்த நாட்களை நானும் மறக்கவில்லை. எங்களைச் சுற்றி ஏற்கெனவே 4,000 மெகாவாட்டுக்கு மேல் நிலக்கரி நிலையங்கள் நிற்கின்றன. 660 மெகாவாட் விரிவாக்கம் ஒன்றும் 1,320 மெகாவாட் புதிய நிலையம் ஒன்றும் வரிசையில் இருக்கின்றன. இவ்வளவையும் ஒரே கழிமுகம் சுமக்கிறது என்பதுதான் எங்கள் வழக்கு.

நிலக்கரி மின்சாரம் மலிவு என்று கணக்குக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் நிலக்கரி விலை இருக்கிறது, கப்பல் கூலி இருக்கிறது, வட்டி இருக்கிறது. மேடான ஆற்றைத் தூர்வாரும் செலவும் எங்கள் ஆட்கள் இழந்த வருமானமும் இல்லை. அவற்றையும் சேர்த்துப் போடுங்கள், அப்புறம் மலிவா இல்லையா என்று பேசலாம். அதற்காக ஏழை வீட்டு மின்கட்டணத்தை ஏற்றச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய குழாயை மாற்றாமல் ஓட்டியவர்களின் செலவு அது.

உங்களால் என்ன செய்ய முடியும்? தண்ணீரும் மீன்வளமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மத்திய விதிகள் விட்டுவிட்ட கழிமுகங்களுக்கும் உப்பளங்களுக்கும் மாநிலமே ஒரு சட்டம் கொண்டுவரலாம். மின்சாரச் சட்டம் 2003இன் 108ஆம் பிரிவு, பொதுநலன் கருதி, மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கொள்கை வழிகாட்டுதல் தர மாநில அரசை அனுமதிக்கிறது. சாம்பலைத் தண்ணீரில் கரைக்காமல் உலர்வாக எடுக்க வேண்டும், ஆற்றைக் கடக்கும் குழாய் கசிந்தால் அதைச் சரிசெய்யும் வரை அந்த மின் உற்பத்தி அலகு ஓடக் கூடாது, சீரமைப்புச் செலவை நுகர்வோர் தலையில் கட்டக் கூடாது. சட்டத்திலும் வழிகாட்டுதலிலுமாக இந்த மூன்றும் எழுத்தில் வர வேண்டும். குறிப்பாக இரண்டாவது. அலகு நின்றால் நட்டம் என்று தெரிந்தால், குழாயை மாற்ற யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்தொடரில் எரிசக்தித் துறை மானியக் கோரிக்கை வரும் நாளில், கேள்வி நேரத்தில் உங்களில் ஒருவராவது எழுந்து இதைக் கேளுங்கள்: கொசஸ்தலை ஆற்றில் இதுவரை படிந்த சாம்பல் எத்தனை டன், அதை எந்தத் தேதிக்குள் யார் எடுப்பார்கள்? பதில் அவைக்குறிப்பில் ஏறட்டும்.

இப்படிக்கு,
எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்