முரட்டுக் குதிரைக்கு முள் கடிவாளம் மருந்தல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி மாதம் வந்துவிட்டால் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவும் அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. லட்சக்கணக்கில் விலை சொல்லப்பட்ட மார்வாரி இனக் குதிரை, மேளத்துக்கு ஏற்ப ஆடிய கத்தியவார் குதிரை என்று படத்தோடு வரும் செய்திகளை நானும் ஆவலோடு படிப்பவன்தான். ஆனால் விலைபோன குதிரை அடுத்த ஆறு மாதங்களில் என்ன பாடு படுகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. குதிரை பழக்குவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சந்தையில் வாங்குபவர்கள் முதலில் சுழி பார்க்கிறார்கள். பிறகு நிறம், உயரம், மார்வாரியாக இருந்தால் நுனிகள் ஒன்றையொன்று தொடும்படி உள்நோக்கி வளைந்த காதுகள். தலையை நிமிர்த்திக் காலை உயர்த்தி வைத்துத் துள்ளுகிற குதிரைக்கு விலை ஏறுகிறது. வீட்டுக்கு வந்த மறுவாரமே அந்தத் துள்ளல் முரட்டுத்தனம் என்று பெயர் பெற்றுவிடுகிறது. கொள்ளையும் ஓட்ஸையும் அள்ளிப் போட்டு வாரம் முழுவதும் லாயத்தில் கட்டி வைத்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சேணம் பூட்டித் தார்ச்சாலையில் இறக்கினால், துடிப்புள்ள எந்தக் குதிரையும் பிய்த்துக்கொண்டுதான் ஓடும். உடனே யாராவது ஒருவர், முள் வைத்த கடிவாளம் போட்டால் அடங்கிவிடும் என்று யோசனை சொல்கிறார்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. கடிவாளக் கம்பி உட்காருவது அங்கேதான். அந்த இடத்தில் தாடை எலும்பின் மேல் மெல்லிய தோல் மட்டுமே இருக்கிறது. அங்கே முள் குத்தும்போது சாதுவான குதிரை காலப்போக்கில் வாய் மரத்துப்போய் எதற்கும் அசையாமல் நின்றுவிடும். துணிச்சலான குதிரையோ வலியிலிருந்து தப்பிக்க இன்னும் வேகமாக ஓடும், அல்லது பின்னங்கால்களில் எழும்பி நிற்கும். ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள விலங்கை எந்த மனிதனும் கைவலிமையால் நிறுத்திவிட முடியாது. கடிவாளத்தின் இருபுறமும் கட்டிய வார்களான லகான்கள் இரண்டையும் ஒருசேர இழுத்துப் பிடிப்பது, அது சாய்ந்துகொண்டு ஓடுவதற்கு ஒரு பிடிமானத்தைக் கொடுப்பதாகவே முடியும். ஒரு பக்க லகானால் கழுத்தை மெல்லத் திருப்பி, சிறு வட்டங்களில் கொண்டுபோய், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மாறி மாறி வேலை கொடுத்தால், கட்டளைக்காகக் காத்திருக்க அது தானே பழகிவிடும்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு செவலைப் பெண் குதிரையைச் சொல்கிறேன். வாய்க்காலைக் கண்டால் தூரத்திலேயே அடியளந்து, கடைசி அடியைச் சுருக்கி, அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். அத்தகைய திறமையைப் பழக்கிக் கொண்டுவர முடியாது. ஆனால் இடப்பக்கம் திருப்பினால் தலையை உதறி எழும்பும். வந்தபோது அதன் வாயில் இருந்தது முள் கடிவாளம். கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்ததில், இடது கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் முளைத்திருந்த ஒரு சிறு பல்லின் மேல் கம்பி இடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பல்லை எடுத்த பிறகும் பயம் போகவில்லை. புண் ஆறும்வரை வெறும் தலைக்கயிற்றோடு தரையில் நின்றே பழக்கி, அதன் பிறகே முள்ளில்லாத வழுவழுப்பான கம்பியைப் போட்டோம். இடது லகானை விரல்களுக்குள் மெதுவாக மூடிப் பிடிப்பேன். குதிரை தாடையைத் தளர்த்திக் கழுத்தை ஒரு விரற்கடை இடப்பக்கம் சாய்த்த அதே நொடியில் விரல்களைத் திறந்துவிடுவேன். குதிரைக்குப் பாடம் இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. அரை நொடி தாமதித்து விட்டாலும் அது வேறெதையோ கற்றுக்கொள்ளும். பிடிவாதக் குதிரைகள் இதில் மிகக் கெட்டிக்காரத்தனம் உள்ளவை: எழும்பியதும் பயந்துபோய் மேலிருப்பவர் இறங்கிவிட்டால், எழும்பினால் வேலை முடிந்தது என்று ஒரே நாளில் தெரிந்துகொள்ளும்.

வயதையும் சொல்ல வேண்டும். 2 வயதுக் குட்டியின் மேல் ஏறி வேகம் பார்க்கிறவர்கள் நம் பக்கத்தில் பலர். குதிரையின் முதுகெலும்பு முழு வளர்ச்சி பெற 5 அல்லது 6 வயதாகும். முதுகு வலிக்கிற குதிரை சேணத்தைக் கண்டதும் காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வந்தால் அதைத் திமிர் என்கிறோம்.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், குதிரையேற்றமும் அடங்கிய ஐந்து விளையாட்டுகளைக் கொண்ட நவீன ஐந்திறப் போட்டியில் உலகமே பார்த்தது. அந்தப் போட்டியில் வீரர்களுக்கு, குலுக்கலில் கிடைத்த, முன்பின் அறியாத குதிரையோடு பழகுவதற்கு 20 நிமிடங்கள் மட்டுமே தரப்பட்டன. அதுவரை முதலிடத்தில் இருந்த ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய்க்குக் கிடைத்த செயின்ட் பாய் என்ற குதிரை, அதற்கு முன்பே இன்னொரு வீராங்கனையிடம் தாண்ட மறுத்திருந்தது. ஷ்லாய் அழுதுகொண்டே சவுக்கால் அடித்ததும், அவருடைய பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தியதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. ஷ்லாய் 31ஆம் இடத்துக்குச் சென்றார், பயிற்சியாளர் வெளியேற்றப்பட்டார். 2024 பாரிஸ் போட்டியோடு அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டுவிட்டது. என்னைக் கேட்டால், நீக்கியிருக்க வேண்டியது அந்த 20 நிமிட விதியைத்தான்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. இழுவை மற்றும் பொதி விலங்குகள் வதைத் தடுப்புக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் முள் கடிவாளத்தைத் தடை செய்திருக்கின்றன. அப்படியிருந்தும் திருமண ஊர்வலக் குதிரைகளின் வாயில் இன்றும் அதைப் பார்க்கிறோம். அடுத்த ஆடிச் சந்தையின்போது கால்நடை பராமரிப்புத் துறையும் காவல்துறையும் இணைந்து, விற்பனைக்கு வரும் கடிவாளங்களைச் சோதித்து முள் வைத்தவற்றைப் பறிமுதல் செய்ய வேண்டும். விலை பேசும் முன் குதிரையின் பல்லையும் முதுகையும் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள அங்கேயே ஒரு முகாம் அமைக்க வேண்டும். தங்கள் செய்தியாளர்களும் விலையைக் கேட்டு எழுதும்போது, அந்தக் குதிரையின் வயதையும் வாயில் என்ன கடிவாளம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
குதிரைப் பயிற்சியாளர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.