நாகர்கோவிலில் நாற்காலி தந்த தம்பிக்கு நன்றி

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாகர்கோவிலில் நடந்த இராணுவ பேண்டு இசை நிகழ்ச்சிக்கு, முன்னாள் இராணுவ வீரரான என் 81 வயது அப்பாவை அழைத்துச் சென்றிருந்தேன். காது மந்தமான அவர் கடைசி வரிசைக்கும் பின்னால் கைத்தடியை ஊன்றி நிற்பதைக் கண்டு, பெயர்கூடச் சொல்லாத தம்பி, நீங்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கியபடி கூட்டத்தை விலக்கி, அவரைக் கைப்பிடித்து அழைத்துப்போய் டியூபா வாசிப்பவருக்கு நேர் எதிரே அமர்த்தினீர்கள்.

அந்த இடத்தின் அருமை பிறகுதான் எனக்குப் புரிந்தது. பேண்டின் பித்தளைக் கருவிகளில் மிகத் தாழ்ந்த சுரங்கள் டியூபாவுக்கு உரியவை. காதுக்கு எட்டாததை அப்பா நெஞ்சில் உணர்ந்தார். டிராம்போன் கலைஞர் குழலை நீட்டி இழுத்ததையும், டிரம்பெட்டின் மூன்று வால்வுகளில் விரல்கள் ஓடியதையும், பாடல்களுக்கு நடுவே கருவியைச் சாய்த்து உள்ளே தேங்கிய நீரை வெளியேற்றியதையும் அவர் கண்கொட்டாமல் பார்த்தார். அணிநடை இசை தொடங்கியதும் அவருடைய வலக்கால், முட்டுவலியையும் மறந்து, தானாகவே தாளமிட்டது. இடையில் தூறல் விழுந்தபோது அவருக்குக் குடை பிடித்து நின்றவரும் நீங்கள்தான்.

நிகழ்ச்சி முடிந்து திரும்பிப் பார்த்தபோது உங்களைக் காணவில்லை. “அந்தப் பிள்ளை எங்கே?” என்று அப்பா இன்றும் கேட்கிறார். அவர் சார்பிலும் என் சார்பிலும் மனமார்ந்த நன்றி, தம்பி.