‘ஒரே ஊற்றில் 5 செ.மீ.’ என்று விற்கப்பட்ட எபாக்சி ரெசின் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தங்கள் எபாக்சி ரெசின் அளவுமீறிச் சூடேறி வெடிப்பு விட்டது, லேபிளில் தவறான தகவல், விற்பனையை நிறுத்தவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா/அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் தெளிவான எபாக்சி ரெசினை, அதாவது ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தோடு கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசினை, வாங்கிப் பயன்படுத்தியவன் நான். டப்பாவின் முகப்பில் ‘ஒரே ஊற்றில் 5 செ.மீ. ஆழம் வரை’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன். ஊற்றிய சிறிது நேரத்திலேயே ரெசின் தேன் நிறமாக மாறிப் புகைந்தது. பிறகு பாளம் பாளமாக வெடித்தது. உள்ளே இருந்த மாதிரிக் கப்பல் உருக்குலைந்துவிட்டது. மின்னஞ்சலில் முறையிட்டேன். ‘கலவை விகிதம் பிசகியிருக்கலாம், அல்லது அறை சூடாக இருந்திருக்கலாம்’ என்று இரண்டே வரியில் பதில் வந்தது. பழியைத் தூக்கி என் தலையில் போடும் அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. காரணங்களை விளக்கமாகவே எழுதுகிறேன். தங்கள் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவராவது இதை முழுமையாகப் படிக்க வேண்டும்.

நான் செய்துகொண்டிருந்தது, திஸில்கோர்ம் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலைச் செங்கடலின் அடியில் அது இன்று கிடக்கும் கோலத்திலேயே காட்டும் டயோராமா, அதாவது சிறிய அளவிலான முப்பரிமாணக் காட்சி. 1940இல் கடலில் இறக்கப்பட்ட இந்தக் கப்பல், இரண்டாம் உலகப் போரில் படைத் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு சூயஸ் நோக்கிச் செல்லும் வழியில் நங்கூரமிட்டுக் காத்திருந்தபோது, 1941 அக்டோபர் 6ஆம் தேதி ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தால் தாக்கப்பட்டது. நான்காம் சரக்கறையிலிருந்த வெடிமருந்து வெடித்ததில் பின்பகுதி பிளந்து கப்பல் மூழ்கியது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். மேல்தளத்தில் ஏற்றியிருந்த இரண்டு நீராவி ரயில் எஞ்சின்களையும் வெடிப்பு தூக்கியெறிந்தது. கப்பலின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக மணலில் கிடக்கின்றன. சரக்கறைக்குள் பெட்ஃபோர்டு லாரிகளும், அவற்றின் முதுகில் வரிசையாக நிறுத்திய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்களும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

மாதிரி செய்பவர்களுக்கு இந்தக் கப்பல் அரிதாக வாய்த்த ஒன்று. டைட்டானிக் சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதை 1:350 அளவில், அதாவது 350இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்து, மேலே உள்ள நீரையும் அதே அளவில் காட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 11 மீட்டர் உயரம் வேண்டும். திஸில்கோர்ம் கிடப்பதோ சுமார் 30 மீட்டர் ஆழத்தில். 1:350 அளவில் அது 8.6 செ.மீ. மட்டுமே. அதாவது, கடலடி மணலிலிருந்து அலை புரளும் மேற்பரப்பு வரை முழு நீரையும் ஒரே ரெசின் கட்டிக்குள் அளவு பிசகாமல் அடக்கிவிட முடியும். கப்பலின் நீளமும் 36 செ.மீ. அளவில்தான் வரும், மேசைமேல் வைத்து நாலாபுறமும் சுற்றிப் பார்க்கலாம்.

இங்கேதான் தங்கள் ‘5 செ.மீ.’ முக்கியமாகிறது. அடுக்கடுக்காக ஊற்றினால் அடுக்குகள் சேருமிடத்தில் பக்கவாட்டில் மெல்லிய கோடு விழும். அந்தக் கோடு கப்பலின் குறுக்கே ஓடினால் கடல் என்ற தோற்றமே கெட்டுவிடும். சிதைவின் உயரமான பகுதி கடலடியிலிருந்து சுமார் 15 மீட்டர். 1:350இல் 4 செ.மீ.யைச் சற்றே தாண்டும். எனவே முதல் ஊற்று 5 செ.மீ. போனால் கப்பல் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். கோடு மேலே வெறும் நீரில் விழும், கண்ணை உறுத்தாது. தங்கள் லேபிளைப் பார்த்தபின் வகுத்த திட்டம் இது. லேபிளில் 1 செ.மீ. என்று இருந்திருந்தால் இந்த ரெசினைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

நிறத்தையும் சொல்ல வேண்டும். கடலில் இறங்க இறங்க முதலில் மங்குவது சிவப்பு. அதனால் துருவைச் செங்கல் நிறத்தில் தீட்டாமல், பழுப்பும் சாம்பலும் கலந்து, மணலோடு ஒட்டும் இடங்களில் மட்டும் சற்றே கருமை ஏற்றியிருந்தேன். ரெசினில் ஒரு துளி நீலம். அந்த நீலத்தின் மேல் தங்கள் ரெசினின் மஞ்சள் ஏறியதும் செங்கடல் பாசி பிடித்த குளமாகிவிட்டது. வெடிப்பே விடாமல் இருந்திருந்தாலும் இந்த நிறம் ஒன்றே வேலையைக் கெடுக்கப் போதும்.

இப்போது தங்கள் பதிலுக்கு வருகிறேன். கலவை விகிதம் பிசகவில்லை. தங்கள் கையேடு எடைக்கணக்கில் 100 பங்கு ரெசினுக்கு 45 பங்கு ஹார்டனர் என்கிறது. டிஜிட்டல் தராசில் நிறுத்துத்தான் கலந்தேன். தராசின் அளவுகளைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். அறை வெப்பமானியில் 24 டிகிரி. தங்கள் கையேடு அனுமதிப்பது 20 முதல் 25 வரை. விகிதம் தவறினால் ரெசின் பெரும்பாலும் இறுகாமல் பிசுபிசுப்பாக நிற்கும். என்னுடையது கல்லாக இறுகி, அந்தச் சூட்டிலேயே வெடித்தது. இந்த வேறுபாடு தங்கள் தொழில்நுட்பப் பிரிவினருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

எபாக்சி இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. மெல்லிய பூச்சாக இருந்தால் அந்த வெப்பம் காற்றில் கலைந்துவிடும். கனமாக ஊற்றினால் நடுவில் தேங்கும். தேங்கிய வெப்பம் வினையை முடுக்கும், முடுக்கிய வினை மேலும் வெப்பத்தைக் கூட்டும். ஆழமாக ஊற்றுவதற்கான ரெசின்களில் இதற்காகவே நிதானமாக வினைபுரியும் ஹார்டனரைச் சேர்க்கிறார்கள். அவை இறுக ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். தங்களுடையது நான் கலக்கிய கோப்பையில் மிஞ்சியிருந்தபோதே கையால் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. இது பூச்சுக்கான ஹார்டனர். ஆழ ஊற்றுக்கானதல்ல.

இதற்குச் சான்று தங்கள் புட்டியிலேயே இருக்கிறது. ஹார்டனர் புட்டியின் ஸ்டிக்கர் ஓரத்தில் கிளம்பியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். அடியில் இன்னொரு லேபிள். அதில் ‘மேற்பூச்சுக்கு உரியது. ஒரு அடுக்கு 1 செ.மீ.க்கு மிகாமல் ஊற்றவும்’ என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. தொகுதி எண் இரண்டு லேபிளிலும் ஒன்றேதான். உள்ளே இருந்த பொருளை மாற்றாமல் மேலே இருந்த வாசகத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இது. இரண்டு லேபிள்களும் தெரியும்படி எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

என் இழப்பு ரெசினின் விலையோடு முடிவதில்லை. கப்பலின் உடற்பகுதி பாலிஸ்டைரீன் தகட்டால் ஆனது. அது 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். முன்தளம் வளைந்து சரக்கறைக்குள் இறங்கிவிட்டது. அதற்குள் செம்புக் கம்பியை வளைத்து நான் செய்த மோட்டார் சைக்கிள்கள், ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் நீளம், கைப்பிடி வரை தெரியும்படி செய்தவை, இளகிய பிளாஸ்டிக்கில் புதைந்துவிட்டன. கப்பல் தளத்தின் ஓரத்திலுள்ள பித்தளைக் கைப்பிடிக் கம்பிகள் மட்டும் நேராக நிற்கின்றன. இவற்றுக்கு நான் விலை கேட்கப்போவதில்லை. தங்களால் ஈடுசெய்யவும் இயலாது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ரெசினைச் சிறுவர்களோடு சேர்ந்து கைவினை செய்பவர்களும் வாங்குகிறார்கள். 5 செ.மீ. என்று நம்பி மூடிய அறையில் ஊற்றினால் அந்தப் புகையை அவர்கள்தான் சுவாசிப்பார்கள். கோப்பையைப் பிடித்த கை புண்ணாகும். என் கப்பல் போனதைவிட எனக்குக் கோபம் மூட்டுவது இதுதான்.

ஆகவே, மேலே ஒட்டிய லேபிளோடு கடைகளில் இருக்கும் டப்பாக்கள் அனைத்தையும் உடனே திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் எச்சரிக்கை போக வேண்டும். இந்தத் தொகுதியின் தொழில்நுட்பத் தாளை, அதிகபட்ச ஊற்று ஆழமும் வினையின் உச்ச வெப்பமும் குறிப்பிட்டு, எனக்கு எழுத்துமூலம் அனுப்ப வேண்டும். நான் செலுத்திய தொகையை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். மாற்று டப்பா வேண்டாம். லேபிளின் மேல் லேபிள் ஒட்ட உத்தரவிட்டது எந்தப் பிரிவு என்பதற்கும் பதில் எதிர்பார்க்கிறேன்.

வெடித்த ரெசின் கட்டி, மீதமுள்ள ஹார்டனர், இரண்டு லேபிள்களும் ஒட்டியுள்ள புட்டி ஆகிய மூன்றும் என்னிடம் பத்திரமாக உள்ளன. தங்கள் தொழில்நுட்ப அலுவலர் நேரில் வந்து சோதிக்கலாம். என் கண்முன்னே சோதிக்க வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் உரிய பதில் வராவிட்டால் இதே சான்றுகளோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீது நகல், தராசு மற்றும் வெப்பமானிப் படங்கள், இரு லேபிள்களின் படங்கள், தங்கள் மின்னஞ்சல் பதில்.