எரிகோ வழியில் விலகிப் போனவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுவாமிமாரும் போதகர்மாரும் ஜெபத்தோடு நின்றால் போதும், ஊர்ப் பிரச்சினை அவர்களுக்கு எதற்கு என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் ஓய்வுபெற்ற போதகர். பெரும்பாலும் அவர் சொன்ன மாதிரித்தான் இருந்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை எத்தனை தரம் பிரசங்கித்தேனோ தெரியாது. எரிகோவுக்குப் போகிற வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் முதலில் விலகிப் போனது ஓர் ஆசாரியன், கோவில் குரு. அவனுக்கு விசுவாசம் இல்லை என்று கதையில் எங்கும் இல்லை.

யுத்தகாலத்தில், 2006 ஆகஸ்ட் 13, யாழ்ப்பாணத் தீவகத்து அல்லைப்பிட்டியில், சனம் தஞ்சமடைந்திருந்த புனித பிலிப்பு நேரியார் ஆலயத்திலேயே ஷெல் விழுந்தது. மிஞ்சியவர்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பாடுபட்ட பங்குத்தந்தை ஜிம் பிறவுண், ஒரு கிழமை கழித்து 20ஆம் திகதி, கூடப் போனவரோடு காணாமல் போனார். இன்றுவரை பதில் இல்லை. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011இல் அரசாங்கத்தின் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால், கச்சேரிக் கணக்கையும் ஐ.நா. கணக்கையும் எடுத்து வைத்து, கடைசி யுத்தத்தில் வன்னியில் இருந்து கணக்கில் வராமல்போன 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அதுவும் எனக்கு ஜெபமாகத்தான் படுகிறது.

என்னிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. நான் வேலை செய்த ஓரிடத்தில் ஒரு கிழவி செத்துப்போனார், நம்முடைய சபைதான், ஞாயிறு தவறாமல் வருகிற மனுசி. எங்கள் சேமக்காலையில் அந்த ஆக்களை அடக்குவதில்லை என்று மூப்பர்கள் சொன்னார்கள். என்ன ஆக்கள், என்ன சாதி என்று யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. பத்து நிமிடம் நின்று வாதாடியிருந்தால் நடந்திருக்கும், கூடிப்போனால் என்னை இடம் மாற்றியிருப்பார்கள், ஆனால் நான் அந்த மனுசியின் மகனைக் கூப்பிட்டு, தம்பி, மற்றச் சேமக்காலையிலேயே செய்வோம், சண்டை வேண்டாம் என்றேன். அவன் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைப் படலையடியில் ஊன்றிக்கொண்டு "சரி ஐயா" என்றான், அவ்வளவுதான். அங்கே போய் ஒழுங்காகத்தான் அடக்க ஆராதனை நடத்தினேன், பாட்டும் பாடினோம்.

போன மாதம் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அவனைக் கண்டேன். இப்போது தலை நரைத்துவிட்டது. ஐயா சுகமோ என்று கேட்டு, என் கையிலிருந்த மரக்கறிப் பையை வாங்கி ஓட்டோ வரைக்கும் கொண்டுவந்து வைத்தான். அன்றைக்கும் நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போதகர்,
யாழ்ப்பாணம்