சிறுகோளுக்கும் மண் பரிசோதனை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூமியை நெருங்கும் விண்கற்களைப் பற்றித் தங்கள் இதழில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறேன். எத்தனை மீட்டர் அகலம், எவ்வளவு தொலைவில் கடக்கும், மோதுவதற்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்ற மூன்றும் தவறாமல் இருக்கும். கூடவே, தீப்பற்றி எரியும் பாறையின் படம் ஒன்று. அந்தக் கல் எதனால் ஆனது என்பது மட்டும் இருப்பதில்லை. அதைத் திசைதிருப்ப வேண்டிய நாள் வந்தால் முதலில் தேவைப்படுவது அந்த விவரம்தான்.

நான் இந்த ஊரில் கட்டடங்களுக்கு மண் பரிசோதனை செய்து பிழைத்தவன். வேளச்சேரியில் களிமண், பெசன்ட் நகரில் மணல், பரங்கிமலைப் பக்கம் பாறை. போர் போட்டு, கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அஸ்திவாரத்துக்கு அளவு சொல்ல முடியாது. சிறுகோள் விஷயத்திலும் கதை அதேதான்.

2024 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட ‘2024 ஒய்.ஆர்.4’ நினைவிருக்கும். 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறி, சில நாட்களிலேயே இறங்கி, ஆபத்தில்லை என்றானது. அப்போது சொல்லப்பட்ட அகலம் 40 முதல் 90 மீட்டர். ஏன் இந்த இழுபறி? தொலைநோக்கிக்குத் தெரிவது வெறும் ஒளிப்புள்ளி. கன்னங்கரிய பெரிய கல்லும் வெளிறிய சின்னக் கல்லும் ஒரே பிரகாசத்தில் தெரியும். 40 மீட்டருக்கும் 90 மீட்டருக்கும் இடையே எடையில் பதினோரு மடங்கு வித்தியாசம்! பிறகு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, அந்தக் கல் வெளிவிடும் வெப்பத்தை அளந்து, சுமார் 60 மீட்டர் என்று சொன்னது.

அகலம் தெரிந்தாலும் போதாது. பென்னு சிறுகோளில் மண் அள்ள 2020 அக்டோபரில் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் கை நீட்டியபோது தரை தாங்கவே இல்லை. கை அரை மீட்டர் அளவுக்கு உள்ளே இறங்கியது. விண்கலம் உந்திகளை இயக்கி மேலே கிளம்பியதால் அதோடு நின்றது. பிடிப்பே இல்லாத சரளை! அதன் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1,190 கிலோ. நம் பல்லாவரம் கருங்கல் 2,600-க்கு மேல். படத்தில் பாறையாகத் தெரிவது உள்ளே பாதிக்குப் பாதி வெற்றிடமாக இருக்கலாம்.

இதனால் என்ன ஆகும் என்பதை 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் காட்டியது. டிடிமோஸ் சிறுகோளை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிவந்த டைமார்ஃபஸ் என்ற குட்டிக் கோள்மீது அதை மோதவிட்டார்கள். அந்த நேரம் 73 விநாடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். மாறியதோ அரை மணி நேரத்துக்கும் மேல். விண்கலம் இடித்த வேகத்தைவிட, சிதறிப் பறந்த கல்லும் தூளும் எதிர்ப்பக்கம் கொடுத்த உதை பெரிது. இறுகிய ஒற்றைப் பாறையாக இருந்திருந்தால் கணக்கே வேறு. டைமார்ஃபஸின் நிறையை அளந்து கணக்கை முடிக்கத்தான் ஐரோப்பாவின் ஹெரா விண்கலம் 2024 அக்டோபரில் புறப்பட்டது.

இதெல்லாம் யாரோ எங்கோ செய்வது என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. புயல் வந்தால் தொலைக்காட்சி கேமராக்கள் வரிசை கட்டும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில்தான் பழைய மதராஸ் வானாய்வகம் இருந்தது. அதன் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. 1866 மே மாதம் நார்மன் போக்சன் அங்கிருந்து கண்டுபிடித்த சில்வியா என்ற சிறுகோளுக்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பது 2005-இல் அறிவிக்கப்பட்டது. அப்படி அறியப்பட்ட முதல் சிறுகோள் அது. துணைக்கோள்கள் சுற்றும் காலத்தை வைத்து நிறையைக் கணக்கிட்டால், அதன் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே அதிகம், அதுவும் கற்குவியல்தான். சில்வியா நம் பக்கம் வராது, செவ்வாய்க்கு அப்பால் சுற்றுவது. ஆனால் ஹெராவும் இப்படி ஈர்ப்பின் விளைவை வைத்துத்தான் நிறையைக் கணக்கிடும்.

அடுத்து வருவது அப்போஃபிஸ் என்ற சிறுகோள். 2029 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், நம் நேரப்படி அதிகாலை மூன்றேகால் மணியளவில் பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடக்கும். நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் சுற்றுவது அதற்கும் மேலே, 36,000 கிலோமீட்டரில். மோதாது என்பதை 2021 ரேடார் அளவீடுகள் உறுதிசெய்துவிட்டன. பூமியின் ஈர்ப்பு அதன் சுழற்சியை மாற்றுமா, மேற்பரப்புக் கற்களைச் சரியவைக்குமா என்பதைத்தான் ஆய்வாளர்கள் பார்க்கக் காத்திருக்கிறார்கள்.

அந்த நேரத்திலாவது எரியும் பாறைப் படத்தைத் தவிர்த்துவிட்டு, அதன் அடர்த்தி, சுழற்சி, மேற்பரப்பு பற்றிக் காவலூர் வானாய்வக அறிஞர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். புத்தாண்டு ராசிபலனுக்குப் பக்கத்தில் அரைப் பக்கம் கிடைத்தாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை.