வாடகை வீட்டுக்கு டைல்ஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தனியுரிம மென்பொருளுக்கான நீட்சிகளுக்குக் கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் தங்கள் தளத்தில் இடமே தரக்கூடாது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். புதியவர்களுக்கு: தனியுரிமம் என்றால் மூல நிரலை நிறுவனம் பூட்டி வைத்திருப்பது; கட்டற்றது என்றால் அதை யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம்; நீட்சி என்பது ஒரு மென்பொருளோடு கூடுதல் வசதிக்காக ஒட்டும் சிறு நிரல்.

ஒப்புக்கொள்ளும் பாதி நான் பட்டது. எங்கள் சங்கத்தின் சந்தாக் கணக்கு பல ஆண்டுகளாக ஒரு தனியுரிம விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) மென்பொருளில் இருக்கிறது. ரசீதைத் தமிழில் அச்சிட ஒரு சிறு நீட்சி எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டற்ற திட்டத்தின் தளத்தில் போட்டேன். ஒரு நாள் அந்த விரிதாள் தானாகவே புதுப் பதிப்புக்கு மாறிக்கொண்டது. மறுநாள் ரசீதில் ‘கோ’ என்ற எழுத்தின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். கோவிந்தன் என்ற உறுப்பினர் எப்படி அச்சாகியிருப்பார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பொருளாளர் அண்ணன் திட்டியது என்னைத்தான், மென்பொருளை விற்றவரை அல்ல. வாடகை வீட்டுக்குச் சொந்தக் காசில் டைல்ஸ் போட்டவனின் கதை. கட்டற்ற மென்பொருளுக்கு முன்னோடியான குனு திட்டம் நிரல்களை வைத்துப் பகிரும் சவன்னா தளம், தனியுரிம மென்பொருளை நம்பி ஓடும் எதையும் ஏற்பதில்லை என்று விதி வைத்திருப்பதன் நியாயம் அன்று புரிந்தது.

ஆனால் நம்மில் பலர் கணினியில் தமிழ் எழுதத் தொடங்கியதே ஈகலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளால்தானே? வீட்டில் இருந்தது தனியுரிம விண்டோஸ். அதற்கு மேல், ஈகலப்பையின் முதல் பதிப்புகள் ஓடியது கீமேன் என்ற விசைப்பலகை இயந்திரத்தில் (உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்). அதுவும் அப்போது தனியுரிமம்தான். மூன்றாம் பதிப்பில் அந்த இயந்திரத்தை விட்டுவிட்டுச் சொந்தமாகவே எழுதினார்கள். பிற்பாடு கீமேனே தன் மூல நிரலைத் திறந்துவிட்டது வேறு கதை. 1997இல் தமிழ்நெட் என்ற தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டி விசைப்பலகையைப் பற்றிப் பேசிய ஊர் நம் சிங்கப்பூர். முதல் நாளே ‘விண்டோஸா? வெளியே போ’ என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் இன்று தமிழில் எழுதிக்கொண்டிருப்போம்?

கட்டற்ற இயங்குதளமான டெபியன் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. தானே கட்டற்றதாக இருந்தும் கட்டற்றதல்லாத ஒன்றை நம்பியிருக்கும் நிரல்களை ‘காண்ட்ரிப்’ என்று தனிப் பிரிவில் வைக்கிறார்கள். அது டெபியனின் பகுதி அல்ல என்று அவர்களுடைய சமூக ஒப்பந்தமே சொல்கிறது. ஆனாலும் தேடுபவருக்குக் கிடைக்கும். என்ன எடுக்கிறோம் என்பதும் தெரியும். அப்படி ஒரு தட்டு எல்லாத் திட்டங்களிலும் இருக்கட்டும் என்கிறேன். பழுதுபார்க்கும் பொறுப்பு எழுதியவருடையது, திட்டத்துடையது அல்ல என்றும் அதிலேயே எழுதி ஒட்டிவிடலாம். இடம் இல்லை என்று அனுப்பிவிட்டால் அந்த நீட்சி எங்கே போகும்? நிறுவனத்தின் கடைக்குத்தான். அங்கே மூல நிரலைக் காட்டவேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

என் ரசீது நீட்சிக்கு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். அப்புறம் ஈப்போவிலிருந்து, முகம் தெரியாத ஒருவர், தளத்தில் கிடந்த நிரலை எடுத்து லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளுக்கு மாற்றி எழுதி அனுப்பியிருந்தார். கொம்பும் காலும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. சித்திரையிலிருந்து கணக்கை அதற்கு மாற்றிவிடலாம் என்று செயற்குழுவில் சொல்லியிருக்கிறேன். பொருளாளர் அண்ணன் இன்னும் சரி சொல்லவில்லை.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்