பழைய ஜெர்மன் சுவர்க் கடிகாரத்தைப் பழுதுபார்த்ததில் நேர்ந்த சேதம் குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், காரைக்குடி
பெறுநர்: மேலாளர் அவர்கள், பழம்பொருள் சீரமைப்பு நிறுவனம், சென்னை

பொருள்: கழற்றி எடுத்த டயலைத் திருப்பித் தரவும், தவறான சான்றிதழைத் திருத்தவும், கட்டணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா,

எங்கள் பாட்டையா ரங்கூனில் இருந்து கொண்டுவந்த சுவர்க் கடிகாரத்தைத் தங்களிடம் கொடுத்திருந்தேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஆணி பெயர்ந்து விழுந்த கடிகாரம் அது. விழுந்ததில் கண்ணாடி உடைந்தது, மேலே இருந்த கொண்டைச் செதுக்கல் இரண்டாகப் பிளந்தது, பெண்டுலத்தைத் தாங்கும் மெல்லிய ஸ்பிரிங் பட்டை மடங்கிப்போனது. சேதம் அவ்வளவுதான். அதற்கு முந்தின வாரம் வரை மணி தவறாமல் அடித்துக்கொண்டிருந்தது. இந்த மூன்றையும் சரிசெய்வது, உள்ளே சுத்தம் செய்து எண்ணெய் போடுவது, எந்த ஊர், எந்த ஆண்டுக் கடிகாரம் என்று பார்த்து எழுதித் தருவது: தங்கள் ரசீதில் எழுதியிருக்கும் வேலை இதுதான். ‘பழைய பாகங்கள் எதையும் மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்க வேண்டும்’ என்று நான் சொல்லி, தங்கள் ஊழியரே அதில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். நகல் இணைத்திருக்கிறேன்.

திரும்பி வந்த கடிகாரத்தைப் பெட்டியில் இருந்து எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது டயல். எங்களுடையது எனாமல் டயல். செம்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பரப்பி உலையில் சுட்டு எடுப்பது. வெள்ளை மங்காது, ஆனால் முடி போல விரிசல் விழும். எங்கள் டயலிலும் இரண்டு மூன்று இருந்தன. வலது பக்கச் சாவித் துளையின் ஓரத்தில் எனாமல் கொஞ்சம் உதிர்ந்து உள்ளே இருக்கும் செம்பு தெரியும். எங்கள் வீட்டு ஐயா ஞாயிற்றுக்கிழமை தோறும் சாவி கொடுத்துக் கொடுத்து உதிர்ந்த இடம் அது. அந்த டயல் இப்போது இல்லை. அதன் இடத்தில் தகட்டில் அச்சடித்த புது டயல் இருக்கிறது. பழைய டயலில் நான்கு என்பதற்கு நான்கு நெட்டைக் கோடுகள் நிற்கும். ரோமன் எண் போட்ட பழைய கடிகாரங்களில் பெரும்பாலும் அப்படித்தான். இதில் ஒரு கோடும் ‘வி’யும் போட்டிருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தாலே இது எங்கள் கடிகாரம் இல்லை என்று தெரிகிறது.

தொலைபேசியில் கேட்டதற்கு, ‘அது விரிசல் விட்டது மேடம், நல்லதாகப் போட்டிருக்கிறோம், பழசு குடோனில் இருக்கும்’ என்றார்கள். விரிசலை எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. எனாமல் விரிசலில் ஏறிய அழுக்கை மென்மையான சோப்புத் தண்ணீரும் பஞ்சும் வைத்தே பெரும்பாலும் குறைத்துவிடலாம். ஆனால் அந்த டயலையே தூக்கிவிட்டால், அதற்கு ஈடாக இங்கே எதைத் தேடுவது? முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விசாரித்தேன். உதிரி டயல்கள் கிடைக்கின்றன. சாவித் துளைகளின் இடைவெளி எங்கள் இயந்திரத்துக்குப் பொருந்துவதாக ஒன்றும் இல்லை.

அடுத்தது சான்றிதழ். ‘1860இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டது’ என்று கெட்டித் தாளில் அச்சடித்து முத்திரை வைத்துத் தந்திருக்கிறீர்கள். கடிகாரத்தைக் கொடுப்பதற்கு முன் பின்பக்கத் தகட்டை நான் படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் எட்டு முனை நட்சத்திரமும் அதன் நடுவே ‘ஜே’ எழுத்தும் தெளிவாக இருக்கின்றன. இது யுங்ஹான்ஸ் முத்திரை. அந்த நிறுவனமே 1861இல்தான் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், ஷ்ராம்பெர்க் என்ற ஊரில் தொடங்கியது. இந்த எட்டு முனை நட்சத்திர முத்திரை வந்தது 1890இல். 1903 வாக்கில் அவர்கள்தான் உலகத்திலேயே பெரிய கடிகாரத் தொழிற்சாலை. நட்சத்திரத்துக்குக் கீழே ‘பி 11’ என்று குத்தியிருக்கிறது. யுங்ஹான்ஸ் இயந்திரங்களில் ‘ஏ’ என்றால் அந்த ஆண்டின் முதல் பாதி, ‘பி’ என்றால் இரண்டாம் பாதி. ஆக இது 1911 பிற்பாதியில் செய்த இயந்திரம். பழைய கடிகாரங்களைப் பார்த்துப் பழகியவர்கள் பின் தகட்டைத் திருப்பியதுமே சொல்லிவிடும் விஷயம் இது. இந்த வேலைக்கென்று தனியாகக் கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள். ஐம்பது வருடம் கூட்டிச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். எனக்கு உண்மையான ஆண்டு வேண்டும். பாட்டையா பர்மாவுக்குப் போய்வந்த காலத்தோடு 1911 சரியாகப் பொருந்துகிறது. 1860 பொருந்தவில்லை.

இதைவிட வருத்தம், இப்போது தகட்டில் அந்த நட்சத்திரமே பாதிதான் இருக்கிறது. பஃப் சக்கரத்தில் வைத்துப் பளபளவென்று தேய்த்திருக்கிறீர்கள். ‘பி’ தெரிகிறது, எண் மழுங்கிவிட்டது. இனி இந்தக் கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு நான் எடுத்த படம்தான் ஆதாரம். பித்தளையை ராத்திரி முழுக்க அம்மோனியாக் கரைசலில் ஊறவைப்பது வழக்கம் என்றும் தங்கள் மெக்கானிக் சொன்னார். அம்மோனியா கலந்த சுத்திகரிப்பு நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுப்பது எல்லோரும் செய்வதுதான், சரி. அதிக நேரம் கிடந்தால், அடித்துத் தட்டி இறுகிய பித்தளையில் உள்ளுக்குள்ளேயே விரிசல் ஓடும். வெள்ளைக்காரர் காலத்தில் இதே இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டா உறைகள் தானாக வெடிப்பு விட்டதற்குச் சாணமும் சிறுநீரும் விடும் அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் ஆராய்ந்து எழுதினார்கள். எங்கள் கடிகாரம் எவ்வளவு நேரம் ஊறியது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

சக்கர அச்சுகள் சுழலும் துளைகளையும் கவனித்தேன். நூறு வருடம் ஓடினால் எஃகு அச்சு பித்தளைத் துளையை நீள்வட்டமாகத் தேய்த்துவிடும். முறையான வைத்தியம், துளையைச் சுத்தமாக விரித்துப் புது புஷ், அதாவது சின்னப் பித்தளை வளையம், போடுவது. இங்கே இரண்டு துளைகளைச் சுற்றி ஆணிப் பஞ்ச் வைத்து அடித்து, பித்தளையை நசுக்கி உள்ளே தள்ளியிருக்கிறது. அம்மைத் தழும்பு போல வட்டமாகக் குழிகள். இது நாள்பட நிற்காது, அடித்த குழியை இனி எடுக்கவும் முடியாது. மணி தட்டும் சுத்தியலின் தலையில் இருந்த தோல் துண்டையும் காணவில்லை. பித்தளை நேராக எஃகுச் சுருளில் மோதுவதால், ‘டோங்’ என்று இழுத்து ஒலித்தது இப்போது தகரம் தட்டுவதாகக் கேட்கிறது. பெண்டுலம் ஒரு பக்கம் இழுத்து, மறுபக்கம் நொண்டி, சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரக்குப் பாலிஷ் போட்டிருந்த வால்நட் வெனீரை (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகட்டை) உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்திருக்கிறீர்கள். மூலைகளில் வெனீர் தேய்ந்து அடிமரம் வெளுப்பாகத் தெரிகிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பிளந்த கொண்டைச் செதுக்கலை ஒட்டியவர் கைதேர்ந்தவர். வஜ்ஜிரம் வைத்து ஒட்டியிருக்கிறார், இணைப்புக் கோடே தெரியவில்லை. அவர் செய்த அந்த ஒரு வேலைக்கு உரிய கூலியை நான் திருப்பிக் கேட்கவில்லை.

நான் கேட்பது இவை. முதலாவதாக, எங்கள் எனாமல் டயலைக் குடோனில் தேடி எடுத்து, உடையாமல் பொதிந்து அனுப்ப வேண்டும். வேறு யாருக்கும் அதை விற்கவோ, வேறு கடிகாரத்தில் பொருத்தவோ கூடாது. கழற்றிய தோல் துண்டு, திருகுகள் என்று வேறு எது இருந்தாலும் சேர்த்து அனுப்புங்கள். தவறான சான்றிதழை ரத்து செய்து, யுங்ஹான்ஸ், ஷ்ராம்பெர்க், 1911 என்று திருத்தி எழுதித் தர வேண்டும். கண்ணாடிக்கும் கொண்டைக்கும் உரியதைக் கழித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். அச்சுத் துளைகளுக்கு புஷ் போடும் வேலையை நான் வேறு ஒருவரிடம் கொடுக்கிறேன். அந்தச் செலவைத் தாங்கள் ஏற்க வேண்டும். தயவுசெய்து கடிகாரத்தைத் திரும்ப அனுப்பச் சொல்லாதீர்கள், அனுப்ப மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. ரசீது நகல், கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், தங்கள் சான்றிதழின் நகல் எல்லாம் இத்துடன் இருக்கின்றன.

டயலை மட்டும் பதிலுக்காகக் காத்திருக்காமல் உடனே அனுப்பிவிடுங்கள். அனுப்பும்போது இரண்டு பக்கமும் தெர்மாகோல் வைத்து, ‘கண்ணாடி’ என்று மேலே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி